மருத்துவர் இருக்கிறார்

மலையூருக்கு ஆஸ்பத்திரி கேட்டு வழக்குப் போட்டிருந்தாள் வக்கீல் பொற்கலை. கோர்ட்டிலிருந்து ஆணையர் பார்க்க வருகிறாரென்றதும், பூட்டிக் கிடந்த கட்டடத்தில் ஒரே நாளில் கட்டில், பெயர்ப்பலகை, டாக்டர் எல்லாம் முளைத்துவிட்டன. வெள்ளைக் கோட்டு போட்டு நின்றவர், அவளுடைய மனுக்களுக்கெல்லாம் முத்திரை குத்தும் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஆணையரிடம் அதைச் சொல்ல அவள் வாயெடுத்தபோது, நிறைமாதக்காரி மாதியைத் தூளி கட்டித் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். பனிக்குடம் உடைந்து காலெல்லாம் ஈரம். கீழே டவுனுக்குப் போக நாலு மணி நேரம் ஆகும்.

"டாக்டர் வந்துட்டாராமே வக்கீலம்மா," என்று மாதி அவள் கையை இறுக்கினாள். "இனிமே பயமில்ல."

ஆணையர் 'மருத்துவர் இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டிருந்தார். பொற்கலை கிளார்க்கின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... நீங்க டாக்டர்தானே சார்?"