ஒரே நாளில் ஒரு வருடம்

படகுத்துறைக் கழிப்பறையில் வைத்து மகன் அப்பாவுக்கு அன்றைய நான்காவது சட்டையைப் போட்டுவிட்டான்.

நீலத்தைக் கழற்றி, கட்டம் போட்டதை மாட்டி, காலரை இழுத்துவிட்டு, தலையையும் சீவிவிட்டான். கை கழுவ வந்த ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே மருமகள் பெரிய பையோடு நின்றாள். நேரமாகிறது என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

அப்பாவிடம் எல்லாமே சைகைதான். காது மந்தம். போன வாரம் காது மெஷினும் கெட்டுப்போய்விட்டது என்று அவரே சொன்னார். கெட்டதைக் கழற்றி வைக்கவும் மனசு வரவில்லை. கடுக்கன் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

அதிலிருந்து வீட்டில் குசுகுசுப்பு நின்றுபோனது. அவர் முன்னாலேயே எல்லாம் பேசினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மருமகள் சிரிப்பாள், அதுவும் அவர் முன்னாலேயே.

பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். நாளைக் காலையில் அவரை ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் விடப்போகிறார்கள். அவரிடம் சொல்லவில்லை. போன பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்குத்தான் தெரியக் கூடாது.

உன்னால் முடியாவிட்டால் சொல், நான் கூட்டிக்கொள்கிறேன் என்று அக்கா கேட்டபோது, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடுவில், என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று மீசையை முறுக்கியவன் இவன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுவான்?

அக்காவும் அதிகம் கேட்பதில்லை. போனில் பேசினால் அப்பாவுக்குப் புரிவதில்லை, மாதம் பிறந்தால் ஒரு படம் அனுப்பு, முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன் என்பாள். படம் வராவிட்டால் மறு விமானத்தில் வந்து நிற்கிற ரகம்.

ஆகவே இன்றைக்கே ஊரைச் சுற்றிக்காட்டி ஒரு வருடத்துக்கான படங்களை எடுத்துவிடுவது. மருமகளின் யோசனை. இடத்துக்கு ஒரு சட்டை, இரண்டு படம்.

மணிக்கூண்டு, பீரங்கி நிற்கும் பழைய கோட்டை, மீன் காட்சியகம், படகு, தொங்கு பாலம், கலங்கரை விளக்கம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடினார்கள்.

நிறுத்திய இடத்தில் அப்பா நின்றார். மருமகள் தன் உதட்டோரத்தை விரலால் இழுத்துக் காட்டினால் சிரித்தார். படம் எடுத்ததும் அடுத்த இடம். ஊரைப் பார்க்க வந்தவருக்கு ஊர் முழுக்க முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

கலங்கரை விளக்கத்தின் படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. பின்னால் வந்த மகன் இருமியபோது நின்று, திரும்பி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மகனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இன்னும் ஒரு சட்டை பாக்கி என்று மனைவி நினைவுபடுத்தினாள். சுருக்கு போய்விட்டது.

கடைசி இடம், துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் உயரமான கோபுரத்தின் மேல்தளம். சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக நேரே முகத்தில் அடித்தது. அப்பா முதல் தடவையாக ஊர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கப்பல்களைப் பார்த்தார். கடைசிப் படமும் எடுத்தாகிவிட்டது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள்.

மருமகள் போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் அரைக்கைச் சட்டை, எல்லாம் வெயில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்கா அனுப்பிய பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. குளிர் ஆரம்பித்தாலே, அதைப் போட்டுவிட்டாயா, போட்டுவிட்டாயா என்று உயிரை எடுப்பாள்.

"ஐயையோ, ஸ்வெட்டரை மறந்துட்டேங்க. குளிர் மாசத்துக்கு உங்க அக்காவுக்கு எதை அனுப்பறது?"

மகன் திருதிருவென்று விழித்தான். வீட்டுக்குப் போய் எடுத்துவர நேரமில்லை.

"பைக்குள்ள அடியில இருக்கும்மா." அப்பா கப்பல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில நான்தான் எடுத்து வெச்சேன்."

இருவரும் அவர் காதிலிருந்த மெஷினைப் பார்த்தார்கள். பிறகு மருமகளின் கை பைக்குள் போனது. கழற்றிப் போட்ட சட்டைகளுக்கெல்லாம் கீழே கம்பளி தட்டுப்பட்டது.

அப்பா சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார். கழுத்து வரை பித்தானைப் போட்டார். நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஊருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

வேண்டாம் என்று சொல்ல மகன் வாயெடுத்தான். பிறகு படத்தில் விழாமல் ஓரமாக நகர்ந்துகொண்டான்.

மருமகளின் விரல் உதட்டுக்குப் போகவில்லை. யாரும் காட்டாமலே அவர் சிரித்தார்.

அவள் எடுத்தாள்.