எழுத்தில்லாத புத்தகம்

சாக்குத் துணியில் சுற்றிய படப் புத்தகத்தைச் செல்லச்சாமி டீச்சரின் மேசையில் வைத்தான்.

"நீங்களே வச்சுக்கங்க டீச்சர். இந்தக் கண்றாவியப் போயி எம் புள்ள சந்திரகாந்தாவுக்குக் குடுக்கலாமா?"

சரோஜினிதேவி டீச்சர் திகைத்துப்போனார். "வாயே திறக்காத பிள்ளை எண்டுதான் குடுத்தனான். எழுத்தில்லாட்டித்தானே தன்ர கதையைத் தானே சொல்லுவாள். ஏன், என்ன சொன்னவள்?"

"நம்ம லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைக்கிறாங்களாம். எல்லாரும் தேயிலைக்குள்ள ஓடுறாங்களாம். அம்மாக்காரி ஆட்டுக்குட்டிய அவுத்துவிடத் திரும்பிப் போறாளாம், வரவே இல்லியாம். பக்கத்துல படுத்திருந்த எனக்குப் படத்தப் பாக்கக்கூட மனசு வரல்ல. புடுங்கிச் சுத்திட்டேன்."

டீச்சர் சாக்குச் சுற்றைத் தன் பக்கம் இழுத்தார்.

"எண்பத்து மூணு கலவரத்துல எம் பொஞ்சாதி அப்படித்தான் போனா. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், எந் தோள்ல தூங்கிக்கிட்டிருந்தா. அம்மா இந்தியாவுக்குப் போயிருக்கு, வந்துரும்னு ஒரு வருசமாச் சொல்லி வச்சிருக்கேன். அதப் போயிப் படம் போட்டா காட்டுறது?"

டீச்சர் துணியைப் பிரித்து, புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக அவனுக்குத் திருப்பிக் காட்டினார்.

தாய் வாத்தும் குஞ்சுகளும் குளத்தில் நீந்தின. அடுத்த பக்கத்தில் கரையேறி நத்தை கொத்தின. கடைசிப் பக்கத்தில் தாய் வாத்தின் சிறகுக்குள் குஞ்சுகளெல்லாம் பத்திரமாக உறங்கின. நெருப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

செல்லச்சாமி தன் தோளைத் தடவிக்கொண்டான்.

"அப்ப அன்னைக்கு அவ தூங்கலியா டீச்சர்?"