பூனை ஏன் கறுத்தது?

“இது என் பூனையே இல்ல அண்ணி! அதை என்ன பண்ணீங்க?”

கால்நடை மருத்துவமனை மேசையில் சுருண்டு கிடந்த சயாமீஸ் பூனையை அண்ணி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். “அதேதாம்மா. சத்தியமா அதேதான்.”

வெளிநாட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு அன்று காலைதான் நாத்தனார் திரும்பியிருந்தாள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மலையூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் விட்டுப்போன பூனையைக் கண்ட வேகத்தில், அண்ணியை இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

“நீங்களே பாருங்க டாக்டர். என்னோடது வெண்ணெய் நிறம். முகம், காது, கால், வால் மட்டும்தான் கறுப்பு. இதுக்கு முதுகெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கு. அது வாய் ஓயாம பேசும், என் குரல் கேட்டா ஓடி வரும். இது என்னைக் கண்டாலே ஒளியுது. அதைத் தொலைச்சிட்டு வேற ஒண்ணைக் காட்டி ஏமாத்தறாங்க. அது மட்டும் நிஜமா இருந்தா, இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

அண்ணியின் முகம் வெளிறியது. பூனையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தோலுக்கடியில் பதித்திருக்கும் அடையாளச் சிப்பைப் படிக்கும் கருவியை டாக்டர் பூனையின் தோளருகே நகர்த்தினார். சத்தமே இல்லை. நாத்தனார் “பார்த்தீங்களா?” என்பதுபோல் நிமிர்ந்தாள். கருவியைக் கொஞ்சம் கீழே இறக்கியதும் ‘பீப்’ என்றது. திரையில், அவள் கொண்டுவந்த அட்டையில் இருந்த அதே எண்.

“உங்க பூனையேதாம்மா. இந்த ஜாதி ஒரே ஆளோட ஒட்டிக்கும். விட்டுட்டுப் போனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும்.”

“அப்போ நிறம்?”

“வெப்ப நாட்டுல பிறந்த வம்சம் இது. உடம்புல சூடு குறையற இடத்துல முடி கறுக்கும். அதனாலதான் காதும் வாலும் கறுப்பா இருக்கு. உடம்பே கறுத்திருக்குன்னா…” டாக்டர் அண்ணியைக் கூர்ந்து பார்த்தார். “குளிர்காலம் முழுக்கக் குளிர்லயே கிடந்திருக்கு.”

நாத்தனார் கொதித்துப்போனாள்.

“ஓஹோ! நீங்க ஹீட்டர் போட்டுக்கிட்டு கதகதன்னு தூங்கணும், வாயில்லா ஜீவன் வெளியே கிடந்து நடுங்கணுமா?”

வாய் ஓயாத பூனை ஒரே நொடியில் வாயில்லா ஜீவனாகிவிட்டது.

“நெஞ்சுல ஈரமே இல்லையா அண்ணி உங்களுக்கு? இருங்க, அண்ணன்கிட்டயே கேக்கறேன்.” போனை எடுத்தாள்.

அண்ணி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்மா, அவர்கிட்ட மட்டும் கேக்காதே. அது வெளியே கிடக்கல, எங்க கட்டில்லதான் படுத்துச்சு. நீ போன கொஞ்ச நாள்லயே உங்கண்ணனுக்கு வேலை போயிடுச்சு… உன் படிப்பு பாதியில நின்னுடக் கூடாதுன்னு, இந்தக் குளிர் முழுக்க நாங்க ஹீட்டரே போடல.”