மடிப்பு போனில் விழுந்த நிழல்

“இது யார் வேலைன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்” என்று மாணிக்கவேல் முதலாளி போனைத் தூக்கிக் காட்டினார்.

சாதாரண போன் இல்லை. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். விரித்தால் சின்னப் புத்தகம் அளவு ஆகும். ஆரணியில் அவருடைய பட்டுக் கடைக்கு வருகிறவர்களுக்கு, தறியில் ஓடிக்கொண்டிருக்கும் புடவைகளைப் பெரிதாகக் காட்ட என்று வாங்கியது.

இப்போது அந்தத் திரையில் மங்கலாக ஒரு நிழல். எந்தப் புடவையின் படத்தைத் திறந்தாலும் அதன் மேல் அந்த நிழலும் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் புடவை எடுக்க தேசூரிலிருந்து வந்த குடும்பம், “தறியில இருக்கும்போதே கறையா?” என்று எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

“ஒரே படத்தை நிறுத்தி வெக்காத, நிழல் தங்கிடும்னு தலைபாடா அடிச்சிகினேன். கேட்டியா?”

பானுப்ரியாவுக்கு அழுகை வந்தது. கஸ்டமருக்குப் படம் காட்டுவது அவள் வேலை.

“இல்லைங்க மொதலாளி. நீங்க சொன்ன மாதிரி தள்ளிகினேதான் இருந்தேன்.”

அது உண்மை. பார்டரைப் பார்த்தவர்கள் முந்தானைக்கு வருவதற்குள் அவள் அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். “புடவை காட்றியா, பஸ் ஜன்னல்ல வேடிக்கை காட்றியா?” என்று ஒரு அம்மா கேட்டே விட்டார்.

ஆனால் ஒரு நாள், கடையில் ஆள் இல்லாதபோது, அதே போனில் ஜாக்கெட் டிசைன் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தாள். நிழல் அந்த ஜாக்கெட்டாக இருந்துவிட்டால்?

“குடுங்க மொதலாளி, நான் பாக்கறேன்” என்று அன்பரசு கையை நீட்டினார். கடையில் புடவை மடிக்கிறவர். “இது ஒரு விஷயமா? ஜரிகை ஒரே மடிப்புல கிடந்தா எதிர்ப்பக்கம் கறுப்பு விழும். பட்டுக்கு இன்னா பண்றோம்? மடிப்பை மாத்திப் போடறோம்.”

போனை வாங்கியவர், முன்பக்கமாக மடிவதைப் பின்பக்கமாக மடிக்கப் பார்த்தார். போன் ‘கிறீச்’ என்றது.

“யோவ்! அது புடவை இல்லய்யா, கண்ணாடி!”

“கண்ணாடின்னா எப்படி மடியுது?”

அன்பரசு உடனே அடுத்த வைத்தியத்துக்குத் தாவினார்.

“அப்ப நடுவுல ஒரு மல் துணி வெச்சு மூடுங்க. ஒரு துண்டு வசம்பும் போடுங்க.”

“வசம்பு எதுக்குய்யா?”

“பூச்சி வராது.”

“பேஜார் பண்ணாம தள்ளிப் போ” என்று முதலாளி போனைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “வெள்ளைப் படம் ஒண்ணு போட்டா நிழல் பளிச்சுனு தெரியுமாம். இன்னா படம்னு பாத்துடலாம். அதை யார் பாத்தாங்களோ, அவங்க இன்னியோட கணக்கை முடிச்சிகினு வீட்டுக்குப் போலாம். பானு, நீயே போடு. ஜல்தி.”

பானு வெள்ளைத் தோள் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் விரித்து, அதைப் படம் எடுத்து, திரை முழுக்க வைத்தாள். எல்லாத் தலைகளும் போன் மேல் கவிந்தன.

ஜாக்கெட் இல்லை.

நீளமாக ஒரு மேசை. இரண்டு பக்கமும் ஸ்டூல்கள். மூலையில் தண்ணீர் கேன். கீழே பொடி எழுத்தில் கேமராவின் பெயர்: ‘சாப்பாட்டு ரூம்.’

எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் முதலாளி ஓய்வெடுக்க உள்ளறைக்குப் போகும்போது போனையும் எடுத்துப் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைக் கேமராக்கள் அந்த போனில் தெரியும் என்பதும் தெரியும். ஆனால் சாப்பாட்டு ரூம் கேமரா கெட்டுப்போய்விட்டது, நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று சொன்னவரே முதலாளிதான்.

அன்பரசு மட்டும் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேசை நகராதில்ல, அதான் தங்கிடுச்சு. நாம நகந்துகினே இருந்தோம், தப்பிச்சோம்” என்றார். யாரோ அவர் முழங்கையை இடித்தார்கள்.

அந்த மேசையைப் பானுவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாப்பிட்டு முடித்ததும் அந்த மேசை முன்னால் நின்றுதான் அவள் முதலாளியாக நடிப்பாள். துப்பட்டாவைச் சுருட்டித் தொப்பை வைத்துக்கொள்வாள். இல்லாத வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வாள். கஸ்டமர் விலையைக் குறைக்கச் சொன்னால் முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரே, அதைச் செய்வாள். கடைசியில் மேசையையே கல்லாவாக்கி, அதை முழங்கையால் மூடிவிட்டு ஒரு வசனம்.

ஒவ்வொருவருக்கும் திடீரென்று மடிக்க வேண்டிய புடவை ஒன்று ஞாபகம் வந்தது. நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது.

“மொதலாளி” என்றாள் பானு. “நானே நின்னுக்கறேங்க. நாளையிலேருந்து வரல.”

“இரு.”

முதலாளி போனை மடித்தார். முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் அவளைக் கூப்பிட்டார்.

“தினம் நீ பண்றதைப் பாத்து சிரிச்சிகினே கண்ணு அசந்துடறேன். படம் அப்படியே நின்னுடுது. என் தப்புதான், வுடு.”

பானு நிமிரவே இல்லை. அவர் இன்னும் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்தக் கேமராவுல படம்தான் வருது, சத்தம் வரமாட்டேங்குது. கல்லாவை மூடிட்டு ஒண்ணு சொல்லுவியே, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்களே… அது இன்னாம்மா?”