வலது கை வழக்கம்

"எங்க குடும்பத்துல மோதிரத்தை வலது கையிலதான் போடுவோம். அதுதான் வழக்கம்."

பெண்ணின் அப்பா, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், போனில் இதைச் சொன்னதும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. இப்போது என்ன புதுசாக ஒரு வழக்கம்?

ஊரெல்லாம் இடது கையில்தான் போடுகிறார்கள். மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பு நேராக நெஞ்சுக்குப் போகிறதாம். அந்தக் காலத்தில் அப்படி நம்பித்தான் அந்த விரலுக்கு அந்த மரியாதையே வந்ததாம்.

அவள் மகனுக்கு அந்த விரல் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேத் பட்டறையில் மெஷின் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து இடது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள்தான். முதலில் பார்த்த வரனில் பெண்ணின் அத்தை, "அப்போ மோதிரத்தை எங்க போடுறது?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டாள். அதோடு அவன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அவன் கைக்குக் கட்டு மாற்றிய நர்ஸ்தான் இப்போது கட்டிக்கொள்ளப்போகும் பெண். அவனைச் சம்மதிக்க வைக்கவே அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

பெண்ணின் அப்பா மறைக்கப் பார்க்கிறார், போட்டோவில் குறை தெரிந்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று அம்மாவுக்குப் பட்டது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

"விடும்மா" என்றான் மகன். "அவங்க வழக்கம்னா அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அவன் முகத்தில் எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி. அதைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மனசு ஆறவில்லை.

ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டார் பக்கமே திரும்பாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பெண் அவன் வலது கையைப் பிடித்து மோதிரத்தைப் போட்டாள். எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். இடது கையை ஒருத்தரும் தேடவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்குச் சம்பந்திகள் இருவரையும் கூப்பிட்டார்கள். முதலில் பெண்ணின் அப்பா போட்டார். காற்றாடிக் காற்றில் படபடத்த தாளை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

அந்தக் கையின் மோதிர விரலில், வெயிலே படாத தோலாக வெளுத்து, ஆழமாக ஒரு வளையத் தடம். எத்தனையோ வருஷம் ஒரு மோதிரம் அழுந்திக் கிடந்த தடம்.

மோதிரம் இப்போது வலது கையின் சுண்டு விரலில் இருந்தது. பக்கத்து விரலுக்கு ஏறவில்லை போலிருக்கிறது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெண்ணின் அம்மாவுக்கும் இடது விரலில் அதே வெள்ளைத் தடம். மோதிரம் ஏறியிருந்த வலது விரலின் கணு, சோப்புப் போட்டுத் திருகி ஏற்றியதில் சிவந்து வீங்கியிருந்தது. பின்னால் நின்ற பெண்ணின் தாய்மாமனுக்கும் அப்படித்தான்.

பேனாவை வாங்கிக்கொண்டவள் கையெழுத்துப் போடாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நாளா இந்த வழக்கம், சம்பந்தி?" என்று மெல்லக் கேட்டாள்.

மாப்பிள்ளை கேட்கும் தூரத்தில் இருக்கிறானா என்று அவர் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"போன வாரத்துலேருந்துதான், சம்பந்தியம்மா. தம்பிக்குத் தெரிய வேண்டாம்."