மோதிரத்தில் வைத்த மந்திரம்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. ஒரு வருஷமாக நின்றுபோயிருந்த ஆட்டம் உப்புக் கொட்டகையில் மறுபடி தொடங்கியிருந்தது. ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடை உருட்டிக் கதைக்குள் நடக்கிற ஆட்டம். கபிலனுக்கு இதுதான் முதல் நாள். காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

கதையை நடத்துகிற பிரிட்டோ குரலைத் தாழ்த்தினான். "குகைக்குள்ள தண்ணி ஏறுது. பெலிக்ஸ், உனக்குக் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு."

பெலிக்ஸ் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது.

"மூழ்குற."

பெலிக்ஸின் வீரனிடம் உள்ள பொருள்களை எழுதிவைத்திருந்த தாளை எட்டிப் பார்த்த கபிலனுக்குப் பொறுக்கவில்லை. "உன் மோதிரத்துலதான் தண்ணிக்குள்ள மூச்சு விடுற மந்திரம் இருக்குதே! எடுத்து விடுப்பா!"

"வேணாம்."

"செத்துடுவடா!"

"சாவுறேன்."

"ஒரு தடவைல தீந்துடும்னு பயமா? வேற மந்திரவாதிகிட்ட குடுத்து நிரப்பிக்கலாம்ல? இவ்வளவு கஞ்சத்தனமா?"

பெலிக்ஸ் தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

கபிலன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மந்திரத்த அந்த மோதிரத்துல வச்சது அவன் தம்பி அந்துவான்" என்றான் பிரிட்டோ. "போன கிறிஸ்மஸ் அன்னிக்கு, நீ உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் உட்கார்ந்திருந்தான். அவன்கிட்ட இருந்ததே அந்த ஒண்ணுதான். நீயே வச்சுக்கடான்னோம். 'அண்ணனுக்குத்தான் நீச்சல் தெரியாது'ன்னு சொல்லிக் குடுத்துட்டான்."

பிரிட்டோ பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

"மறுநாள் காலையில கடல் ஊருக்குள்ள வந்துச்சு. தண்ணி அந்துவான இழுத்துக்கிட்டுப் போனப்ப, பெலிக்ஸ் மேட்டுலயேதான் நின்னான்."