மூன்று நிலவறைகளும் ஒரு நல்லவனும்

"சனிக்கிழமை காலையில அவனை கார்ல ஏத்தற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முன்னாடியே தெரிஞ்சா தப்பிச்சுடுவான்," என்றாள் ஓடில், கையில் கத்தியோடு.

கத்தி கேரட் நறுக்குவதற்கு. பிரான்ஸின் ஷார்ல்வில் நகரத்தில் இருந்த அந்த ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் பன்னிரண்டு மணிக்குள் இருநூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு தயாராக வேண்டும். ஆனால் மூன்று பெண்களும் மேடைமேல் விரித்திருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரிவோனுக்கு அந்த மாதத்தோடு பணி ஓய்வு. முப்பத்தொரு வருஷம் அவித்துக் கொட்டியவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஷாம்பெய்ன் தயாரிக்கிற வீடுகளுக்கே போய், நிலவறையில் உட்கார்ந்து, யாரும் அவசரப்படுத்தாமல் ஒருநாள் முழுக்கக் குடித்துப் பார்க்க வேண்டும்.

ஜிஸ்லேன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாம் பேசி முடிச்சாச்சு. பத்து மணிக்கு வெர்ஸி கிராமம். மதியம் அம்போனே, அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு நடத்தறாங்க, சாப்பாடும் போடறாங்களாம். நாலு மணிக்கு அவீஸ். எங்க போனாலும் அஞ்சு கிளாஸுக்குக் குறையாதாம்."

"பதினஞ்சு கிளாஸ்!" மரிவோன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. யாரு ஓட்டறது? போன வருஷம் மாதிரி என் தலையில கட்டினா நடக்கறதே வேற!" என்றாள் ஓடில்.

போன வருஷம் ஒரே ஒரு நிலவறைக்கு அவசர அவசரமாகப் போய்வந்தபோது, யார் ஓட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஓடில் மாட்டினாள். மற்றவர்கள் கிளாஸ் கிளாஸாகக் காலி செய்ய, அவள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, ஒரு வாய் வைத்து, வாளியில் துப்பினாள். திரும்பி வந்த நூறு கிலோமீட்டரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதான் ரெஜிஸ் இருக்கானே," என்றாள் ஜிஸ்லேன். ரெஜிஸ் அங்கே பாத்திரம் கழுவுகிறவன். மூன்று மாதமாகக் குடியை ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. தலைமையாசிரியர் பிறந்தநாளில்கூட ஆரஞ்சு ஜூஸோடு ஒதுங்கி நின்றான்.

"அப்போ நேராவே கேட்டுடலாமேடி?" என்றாள் மரிவோன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அக்கா," என்றாள் ஓடில். " கேட்டா மீன் பிடிக்கப் போறேன், அம்மாவைப் பாக்கப் போறேன்னு நழுவிடுவான். சும்மா கூட வாடான்னு கூப்பிடுவோம். அன்னிக்குக் காலையில சாவியைக் கையில திணிச்சுட்டா, முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ற ஆளா அவன்?"

கதவு திறந்தது. ஓடில் சட்டென்று கேரட் துண்டுகளை வரைபடத்தின்மேல் கொட்டினாள்.

தலைக்கவசத்தைக் கழற்றியபடி ரெஜிஸ் மூச்சு வாங்க வந்தான். "அந்த மேட்டுல சைக்கிளை மிதிக்கறதுக்குள்ள உயிரே போகுது. ஆனா மூணு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சாச்சு, பாத்தீங்களா?"

"அதானே பாத்தேன், மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டியேன்னு," என்று ஜிஸ்லேன் தொடங்கினாள். "சனிக்கிழமை நாங்க ஷாம்பெய்ன் பக்கம் போறோம், மரிவோன் அக்காவுக்காக. நீயும் வாயேன்."

"நான்தான் குடிக்கிறதில்லையே. நான் வந்து என்ன பண்ணப் போறேன்?"

"நீ இல்லாம அந்தப் பயணமே நடக்காது ரெஜிஸ்," என்றாள் ஓடில். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ரெஜிஸ் தலைக்கவசத்தை ஆணியில் மாட்டினான். "இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. ஒருத்தரும் என்னை எங்கயும் கூப்பிட்டதில்லை," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தான்.

மரிவோனுக்கு மனசு குத்தியது. வாயெடுக்கப் போனவளின் காலை ஓடில் மேடைக்கடியில் மிதித்தாள்.

அந்த வாரம் முழுக்க ராஜ உபசாரம். ஜிஸ்லேன் பிளம் பழ டார்ட் சுட்டு வந்து கொடுத்தாள். ஓடில் தன் பங்கு இறைச்சியில் பாதியை அவன் தட்டில் வைத்தாள். அவனோ நன்றி தாங்காமல் அவர்கள் துடைக்க வேண்டிய அடுப்புகளையும் சேர்த்துத் துடைத்தான்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் ஓடிலின் கார் நின்றது. ரெஜிஸ் மழமழவென்று சவரம் செய்து, டை கட்டி, ஒரு கூடையோடு நடந்து வந்தான். கூடையில் நான்கு பேருக்கும் ரொட்டி, பன்றி இறைச்சி, சீஸ். மரிவோனுக்குத் தனியாக ஒரு பூங்கொத்து.

"முன்னாடி மரிவோன் அக்கா உக்காரட்டும். அவங்க நாளு இது," என்று பின்கதவைத் திறந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

ஓடில் குனிந்து, ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினாள். அவள் குரலில் தேன் வழிந்தது. "ரெஜிஸ் கண்ணு, நீதானே குடிக்கிறதில்லை. கொஞ்சம் ஓட்டேன்ப்பா."

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. சாவியையும் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே அக்கா."

"ஏன்டா, உனக்கு ஓட்டத் தெரியாதா?"

"இருபது வருஷமா ஓட்டினவன்தான்." ரெஜிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "போலீஸ்காரன் என் லைசென்ஸைப் பிடுங்கிட்டுப் போன அன்னிக்குத்தான்க்கா, நான் குடியையே விட்டேன்."